பதிவு வகைகளோடு பட்ட பாடு: அவரவர் அனுபவம்

போடியார் பேரன், சம்மாந்துறை:
எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்கை ஓகாமல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூடை என்றொரு பதிவு வகை, அதாவது ஒரு பொருளின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் படிவம். உரியவர், எடை, விலை என மூன்று புலங்கள், அதாவது விவரக் கட்டங்கள். பெரும்போக அறுவடை தொடங்கியதும் முதலாளி அழைத்தார். "தம்பி, ஈரம் 14 வீதத்தைத் தாண்டினால் காசு கழிக்க வேண்டும்." ஈரப்பதன் என்ற புலத்தைச் சேர்த்தேன். மூடையைப் புதிதாக உருவாக்கும் ஒவ்வோர் இடத்திலும், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறித்து, இந்தப் புலத்துக்குப் பெறுமானம் எங்கே என்று கேட்டது. ஏற்கெனவே உள்ள மூடையை 'வித்' போட்டு நகலெடுத்து ஒரு புலத்தை மட்டும் மாற்றிய இடங்களைத் தொடவே இல்லை. வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானையார்கூட வரம்பை இவ்வளவு கவனமாகப் பார்த்து வரமாட்டார்.

பிறகு லொறிக்கும் ஒரு பதிவு வகை வைத்தேன். அதிலும் எடை உண்டு. கோப்பில் அதற்குக் கீழே, எடையை விலையால் பெருக்கும் சார்பு உடனே முரண்டு பிடித்தது. லொறியில் விலை என்ற புலமே இல்லையாம்! வேறு தடயம் இல்லாவிட்டால், கடைசியாக அறிவித்த வகையைத்தான் ஓகாமல் எடுத்துக்கொள்ளும். உள்ளீட்டின் பக்கத்தில் 'மூடை' என்று வகையைக் குறித்ததும் அடங்கிவிட்டது. 2013இல் வந்த 4.01 பதிப்புக்கு முன்னர் இந்த வசதியும் இல்லை. புலப்பெயருக்கு முன்னொட்டுப் போட்டோ, தனி மொடியூலில் (நிரலின் தனிப் பகுதியில்) வைத்தோதான் சமாளித்தார்கள்.

கல்லடிப் பாலத்தடி:
மறிக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள் அண்ணன். நான் ஹஸ்கெல் மொழிக்காரன். ஒரே மொடியூலில் இரண்டு வகைகளுக்கு ஒரே புலப்பெயர் என்றால் அங்கே ஏற்கவே ஏற்காது; 2016இல் ஜிஎச்சி 8.0 என்ற ஹஸ்கெல் கம்பைலருடன் வந்த நீட்சி வசதியை இயக்கினால்தான் விடும். ஆனால் பெறுமானம் கொடுக்காமல் விட்ட சாதாரணப் புலத்துக்கு வெறும் எச்சரிக்கைதான். இறால் வியாபாரி ஒருவரிடம் இருந்த பழைய நிரல், பில் அடிக்கும் நேரத்தில் அப்படியொரு புலத்தைத் தொட்டதும் விழுந்துவிட்டது. அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி வைத்த பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

அக்கரைப்பற்றுக்காரி:
பெயர்ச் சண்டை கம்பைலரோடு முடிந்துவிடும், தம்பிமாரே. அது வாயே திறக்காத சங்கதி ஒன்று சொல்கிறேன். எஃப் ஷார்ப் மொழியில் எல்லாப் புலங்களும் ஒத்திருந்தால் இரண்டு பதிவுகளும் சமம். ஒரே போடியாரின் (வயல் உரிமையாளரின்) இரண்டு மூடைகள், இரண்டும் 62 கிலோ, விலையும் ஒன்றே. இரட்டிப்பை நீக்கவென்று பட்டியலில் 'டிஸ்டிங்க்ட்' போட்டிருந்தார்கள். கணக்கில் ஒரு மூடை காணாமல் போனது. தராசடியில் நின்று எண்ணிய மனிதர் சும்மா விடுவாரா? மூடை இலக்கம் என்ற புலத்தைச் சேர்த்த பிறகுதான் காசு கைமாறியது.