சியோல் 2027 உலக இளையோர் தினம்: போகலாமா, வேண்டாமா?

பனிமயக்கரை:
2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை கொரியத் தலைநகர் சியோலில் நடக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் உலக இளையோர் தினத்துக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நாலைந்து பேர் போகலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஃபாதர் பெயர் கொடுக்கச் சொல்கிறார். அம்மாவோ, வேளாங்கண்ணி பக்கத்தில் இருக்கும்போது கொரியா எதற்கு என்று ஒரே பிடியாக நிற்கிறார். யூடியூபில் பார்த்தால் 2023 விழா நடந்த லிஸ்பனில் விடியற்காலையில் ஒரு சாமியார் டீஜே போடுகிறார், கீழே கூட்டம் ஆடுகிறது. இது திருப்பயணமா, கச்சேரியா? போனவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

மெழுகுவத்தி:
2023-ல் லிஸ்பன் போனேன். அந்தச் சாமியார் நிஜம்தான், போர்ச்சுகலில் பங்குத்தந்தை. தேஜோ பூங்காவில் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் படுத்திருந்தவர்களை ஞாயிறு பூசைக்கு எழுப்பத்தான் அவரை மேடையேற்றினார்கள். முந்தின இரவு நற்கருணை ஆராதனையில் அதே கூட்டம், வத்திக்கான் கணக்கில் 15 லட்சம் பேர், சத்தமே இல்லாமல் முழந்தாளில் இருந்ததை யாரும் பரப்புவதில்லை. பெலேம் பகுதியில் ஒரு தோட்டத்தில் 150 பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் (குருவிடம் பாவங்களைச் சொல்லும் கூண்டுகள்), எல்லாம் சிறைக்கைதிகள் செய்தவை. எனக்கு முன்னால் நின்ற போலந்துப் பையன் பேப்பரில் எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான், முறை வந்ததும் அதைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனான். கச்சேரிக்கு வந்தவன் அப்படி நிற்பானா?

சொகுசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குப் பள்ளிக்கூட ஜிம் தரைதான் படுக்கை, குளிக்க நீண்ட வரிசை.

உப்புக்காற்று:
பக்தியைக் குறை சொல்லவில்லை, ஆனால் பணத்தையும் பாருங்கள். லிஸ்பனுக்குப் பெயர் கொடுத்த எங்கள் குழுவில் சிலருக்கு விசாவே வரவில்லை, டிக்கெட் காசும் திரும்பவில்லை. அப்புறம் வெயில். லிஸ்பன் விழா நடந்த அதே 2023 ஆகஸ்டில் கொரியாவின் சேமங்கும் என்ற இடத்தில் உலக சாரணர் ஜம்போரி முகாம் நடந்தது. வெயில் தாங்காமல் நூற்றுக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே கிளம்பின, கடைசியில் புயல் வருகிறது என்று எல்லாரையும் காலி செய்தார்கள். சியோல்காரர்கள் அதிலிருந்து பாடம் படித்திருந்தால் சரி.

சுவோன்_தமிழன்:
இங்கே கொரியாவில்தான் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் புழுக்கம் உண்டு, ஆனால் கடற்கரை ஊர்க்காரர் வெயிலுக்குப் பயந்தால் எப்படி? ஜம்போரி நடந்தது நிழலே இல்லாத கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், இது மெட்ரோ ஓடும் பெருநகரம்.

நான் சொல்ல வருவது வேறு. சியோல் விழாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அதற்கு முன் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 2 வரை மறைமாவட்ட நாட்கள் இருக்கின்றன, அதற்குக் கட்டாயம் வாருங்கள். வேறு மறைமாவட்டங்களுக்கு, அதாவது வெவ்வேறு ஆயர்களின் கீழுள்ள பகுதிகளுக்கு, பிரித்து அனுப்புவார்கள், பெரும்பாலும் குடும்பங்களோடு தங்க வைப்பார்கள். கொரியத் திருச்சபையின் ருசி அங்கேதான் தெரியும். இங்கே மிஷனரிகள் வந்து ஆரம்பிக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த புத்தகங்களைப் படித்த பொதுநிலையினரே, அதாவது குருக்கள் அல்லாத சாதாரண மக்களே, தொடங்கினார்கள், 1784-ல் யீ சுங்-ஹுன் பெய்ஜிங் போய் ஞானஸ்நானம் வாங்கி வந்தார். பிறகு எத்தனையோ துன்புறுத்தல்கள். ஹான் நதிக்கரையில் ஜோல்டுசான் குன்றுக்குப் போய்ப் பாருங்கள், 1866 துன்புறுத்தலில் மறைசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களை, தலைவெட்டிய இடம், ஹப்ஜோங் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1984-ல் சியோலுக்கே வந்து 103 மறைசாட்சிகளைப் புனிதர்களாக்கினார். இந்த விழாவைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

சைவம் சாப்பிடுபவர் யாராவது இருந்தால் முன்பே சொல்லுங்கள், கிம்ச்சியிலேயே மீன் சாறு இருக்கும்.

பனிமயக்கரை:
சைவமா, எங்கள் ஊரிலா! மறைசாட்சிகள் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். மறைமாவட்ட நாட்களுக்குத் தனியாகப் பதிய வேண்டுமா?

மெழுகுவத்தி:
மறைமாவட்ட இளையோர் பணிக்குழு வழியாகக் குழுவாகப் போங்கள், அவர்களே சேர்த்துப் பதிவார்கள். ஏஜெண்ட் எவரிடமும் முன்பணம் கட்டாதீர்கள். இந்தியர்களுக்குக் கொரியா போக விசா கட்டாயம், அதனால் பாஸ்போர்ட் இல்லாதவர்களை இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், விமான டிக்கெட்டை விசா கையில் வந்தபிறகு போட்டால் போதும்.