ஓக்லஹோமா கஞ்சா டிஸ்பென்சரியில் 25% பங்கு: கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாமா?

செந்நில_வாசி:
அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் லைசென்ஸோடு நடக்கிற மருத்துவக் கஞ்சா டிஸ்பென்சரி (நோயாளிகளுக்குக் கஞ்சா விற்கும் கடை) ஒன்றில் 25% பங்கு விலைக்கு வருது. எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு) நிறுவனம். வாங்க நினைப்பவர் கிரீன் கார்டுக்காரர் (நிரந்தரமா தங்கலாம், குடியுரிமை இன்னும் இல்லை), குடியிருப்பு டெக்சஸ். லைசென்ஸ், வரி, பின்னாடி போடப்போற குடியுரிமை மனு, இதில் எங்கே மாட்டும்? இதைவிட புது லைசென்ஸ் எடுப்பது மேலா?

கணக்கு_வழக்கு:
புது லைசென்ஸ் பேச்சை விடுங்க. 2018ல் மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் மாநில வினா 788 வாக்கெடுப்பில் ஜெயிச்சப்போ கட்டணம் 2,500 டாலர்தான், எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் கிடையாது. தெருவுக்குத் தெரு கடை முளைச்சதால 2022 ஆகஸ்ட் 26 முதல் புது விண்ணப்பங்களை நிறுத்தினாங்க. பிறகு அதை 2026 ஆகஸ்ட் வரை நீட்டினாங்க.

25% என்ற எண் சும்மா வரலை. உரிமையில் 75% ஓக்லஹோமாவாசிகளிடம் இருக்கணும். வெளி மாநிலத்தவர் இன்னொருத்தர் 1% வைத்திருந்தாலும் கணக்கு உடைஞ்சுடும், அதனால பங்குதாரர் பட்டியலை முழுசா கேளுங்க. அந்த 75% பெயர்கள் நிஜ முதலாளிகளா, பினாமிகளா என்பதையும் பாருங்க. பினாமி உரிமையாளர் வழக்குகள் அங்கே நடந்திருக்கு.

அடுத்து சரக்கு. செடியிலிருந்து விற்பனை வரை எல்லாம் மெட்ர்க் (Metrc) என்ற சரக்குக் கண்காணிப்பு மென்பொருளில் பதிவாகணும். அலமாரியிலுள்ள பாக்கெட் எண்களை அதோடு நேரில் ஒப்பிடுங்க. இருப்புத் திருத்த அறிக்கையை எடுத்து, "கழிவு" என்ற காரணம் எத்தனை தடவை வருதுன்னு பாருங்க. அடிக்கடி வந்தா சரக்கு பின்வாசல் வழியா போகுதோன்னுதான் ஆய்வாளர் முதல்ல கேட்பார். மாநிலப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பதிவு, 7% கலால் வரி மாதாமாதம் கட்டிய ரசீது, பள்ளியிலிருந்து 1,000 அடி தூரத்துக்கான சான்று, மூணையும் கையில வாங்குங்க.

செந்நில_வாசி:
நன்றி. வருமான வரி சாதாரணக் கடை மாதிரிதானே?

கணக்கு_வழக்கு:
இல்லை, பெரும்பாலானவங்க சறுக்குற இடமே அதுதான். கூட்டரசு வருமான வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு (1982) அட்டவணை 1, 2 (கூட்டரசின் போதைப்பொருள் பட்டியலில் கடுமையான இரண்டு பிரிவுகள்) போதைப்பொருள் வியாபாரத்துக்குச் செலவுக் கழிவு தராது. சரக்கின் அடக்கவிலையை மட்டும் கழிக்கலாம்.

விற்பனை 10 லட்சம் டாலர், அடக்கவிலை 6 லட்சம், வாடகை சம்பளம் 3 லட்சம்னு வைங்க. கையில் நிற்கிறது 1 லட்சம், வரிக்கு உட்படுவது 4 லட்சம். எல்.எல்.சி. கூட்டாண்மையா வரி கட்டினா, 25% பங்குக்காரருக்கு கே-1 படிவத்தில் (பங்குதாரரின் வருமானப் பங்கைக் காட்டும் வரிப் படிவம்) 1 லட்சம் வருமானம் வரும், நிஜப் பங்கு 25,000தான். பணத்தைப் பிரிச்சுக் கொடுக்காம நிறுவனத்திலேயே வைத்தாலும் வரி அவர் தலையில்தான். ஒப்பந்தத்தில் "வரி கட்டும் அளவுக்காவது ஆண்டுதோறும் பணம் தரணும்" என்ற பிரிவு இல்லைன்னா கையெழுத்துப் போடவே கூடாது.

மூன்றாம்_படி:
கஞ்சா அட்டவணை 1லிருந்து 3க்கு மாறினா 280ஈ தொல்லை தீர்ந்துடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

விசா_வக்காலத்து:
வரிக்கு அது சரி. குடியேற்றச் சட்டத்துக்கு உதவாது. 3லயும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். கேட்டவருக்கு முக்கியமானது இதுதான், முதல்லயே யாராவது சொல்லியிருக்கணும்.

மாநில லைசென்ஸ் கூட்டரசுக் குடியேற்றச் சட்டத்தில் கேடயம் ஆகாது. 2019 ஏப்ரலில் யு.எஸ்.சி.ஐ.எஸ். (குடியுரிமை, குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் கூட்டரசு அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டுதல், மாநிலச் சட்டப்படி நடக்கும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதும் குடியுரிமைக்குத் தேவையான "நன்னடத்தை"யைக் கெடுக்கலாம்னு சொல்லுது. கல்லாவில் நிற்கிறவருக்கே இப்படின்னா பங்குதாரர் நிலையை யோசிங்க.

இன்னொண்ணு இதைவிட மோசம். போதைப்பொருள் கடத்தலில் பங்குண்டுன்னு நம்ப அதிகாரிக்குக் காரணம் இருந்தாலே நாட்டுக்குள் அனுமதி மறுக்கலாம், தண்டனைத் தீர்ப்பு தேவையில்லை. குடியுரிமை பெறாத மனைவி, பிள்ளைகளும் விஷயம் தெரிஞ்சே கடந்த 5 ஆண்டில் அந்தப் பணத்தில் பலன் அடைஞ்சிருந்தா அவங்களுக்கும் அதே நிலை. வீட்டுக் கடனை அந்த லாபத்தில் கட்டினாலும் பலன்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் "என்ன தொழில்?" என்ற கேள்வியிலேயே இது வெளிவரும். அங்கே பொய் சொன்னா அது தனிக் குற்றம்.

2014 முதல் கூட்டரசு பட்ஜெட்டில் சேர்க்கப்படும் தடை, மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களை முடக்க நீதித் துறை பணம் செலவழிக்கக் கூடாதுங்குது. விற்கிறவங்க அதைக் காட்டி தைரியம் சொல்வாங்க. அது நீதித் துறையின் பணத்துக்கான கடிவாளம். விமான நிலைய அதிகாரியும் குடியுரிமை மனுவைப் பார்ப்பவரும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்கள்.

செந்நில_வாசி:
அப்போ குடியுரிமை வாங்கின பிறகு பார்க்கலாமா?

விசா_வக்காலத்து:
பார்க்கலாம். ஆனா "இப்போ முன்பணம், பிறகு பெயர் மாற்றம்"னு எழுதி வைக்காதீங்க. அந்தக் காகிதமே பங்கு இருந்ததுக்குச் சாட்சி ஆகிடும்.