ஸ்டார் டிரெக் பார்க்காதவர்களுக்கு 'கேலக்ஸி குவெஸ்ட்' பிடித்ததா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. வரும் சனிக்கிழமை வீட்டில் பத்துப் பேருக்கு டீன் பாரிசாட் இயக்கிய 'கேலக்ஸி குவெஸ்ட்' (1999) படத்தைப் போட்டுக்காட்டப் போகிறேன். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைச் செல்லமாகக் கிண்டலடிக்கும் படம் இது. வருபவர்களில் இருவரைத் தவிர யாரும் ஸ்டார் டிரெக்கின் ஓர் அத்தியாயத்தைக்கூடப் பார்த்ததில்லை. அங்கேதான் சிக்கல்.

படத்தில், ஒரு விண்வெளித் தொடர் நின்று பல வருடங்களாகியும் ரசிகர் கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் நடிகர்களை, அது நிஜ வரலாறு என்று நம்பி வேற்றுக்கிரகவாசிகள் அழைத்துப் போகிறார்கள். இந்தக் கதை யாருக்கும் புரியும். ஆனால் சாம் ராக்வெல், பெயரில்லாத துணைப் பாத்திரமாக வந்தவன் என்பதால் முதலில் சாகப்போவது தானே என்று நடுங்குகிறாரே, அந்தச் சிரிப்பு புதியவர்களுக்கும் வருமா? கடை திறப்பு விழாவில் தன் புகழ்பெற்ற வசனத்தை வேண்டாவெறுப்பாகச் சொல்லும் ஆலன் ரிக்மனின் முகம் ஒன்றே போதும் என்பது என் கட்சி. என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்ததே, இது ரசிகர்களை மட்டம் தட்டாததுதான். தொடரில் வரும் விண்கப்பலின் மூலைமுடுக்கெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பையன்தான் கடைசியில் கைகொடுக்கிறான், அதுவும் அம்மா குப்பையைக் கொட்டிவரச் சொல்லும் நேரத்தில்!

மூலத் தொடரை அறியாமல் பார்த்தவர்கள் எங்கே சிரித்தீர்கள், எங்கே சலித்தீர்கள் என்று சொல்லுங்கள். முன்னதாக ஸ்டார் டிரெக்கின் ஓர் அத்தியாயத்தைக் காட்ட வேண்டுமென்றால், எதைக் காட்டலாம்? வெள்ளிக்குள் தெரிந்தால் நல்லது.