ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் வைஃபை டாங்கிள் செத்துவிடுகிறது

வீட்டு டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 11) ஏசி600 வகை யூஎஸ்பி வைஃபை டாங்கிள் 10 நாளாக மக்கர் செய்கிறது. ஆன் செய்ததும் நன்றாக ஓடும். ஸ்லீப் போய் எழுந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10 (சாதனம் தொடங்கவில்லை என்ற பிழை). நீல விளக்கும் அணைந்துவிடும். பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். சிபியு மேசைக்கடியில் இருப்பதால் தினமும் தவழ வேண்டியிருக்கிறது.

டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டாயிற்று. பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பட்டன் மங்கலாகவே கிடக்கிறது. மின்சாரம் மிச்சப்படுத்த டாங்கிளை அணைக்க விடும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்தேன், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்தினேன். போர்ட் மாற்றியும் அதே கதைதான். தம்பி லேப்டாப்பில் இதே டாங்கிள் ஸ்லீப்புக்கு அப்புறமும் சமர்த்தாக வேலை செய்கிறது, அதுதான் எரிச்சல்.

மதுரையில் இருக்கிறேன், கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். ஸ்லீப்பில் யூஎஸ்பிக்கு மின்சாரம் நிற்காமலிருக்க பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?