டீஃப்ராக்: ‘சேர்த்தடுக்கல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். வட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக்மென்டேஷனுக்கு (சுருக்கமாக டீஃப்ராக்) நம் மொழிபெயர்ப்பில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> டீஃப்ராக்மென்டேஷனுக்குத் ‘துண்டாக்க நீக்கம்’ போதும். மூலச்சொல்லோடு ஒட்டி வருகிறது.

ஒட்டித்தான் வருகிறது ஐயா, எனக்கு இடிப்பதும் அங்கேதான். கோப்பை அழிக்கும் பொத்தானில் ‘நீக்கு’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். வட்டுக்கான பட்டியலில் இன்னொரு ‘நீக்கம்’ நின்றால், பேரக்குழந்தைகளின் படங்களைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் அதைத் தொடுவாரா? ஓர் எழுத்துகூட அழியாத வேலைக்கு அழிப்பதன் பெயர் வேண்டாம்.

அந்த வேலை என்ன என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், வட்டை வழக்கமாக 4 கிலோபைட் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. புது வட்டில் ஒரு கோப்பு அடுத்தடுத்த கட்டங்களில் அமரும். எழுதியும் அழித்தும் நாளாக ஆக, காலியிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். பெரிய கோப்பு வந்தால் கிடைத்த இடங்களில் பிரிந்து உட்காரும். அதைப் படிக்க, வன்தட்டின் முனை துண்டுக்குத் துண்டு நகர வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் அரைச்சுற்றுக் காத்திருப்பே சுமார் 4 மில்லிநொடி, முனை நகரும் நேரம் தனி. ஒரு கோப்பு நூற்றுக்கணக்கில் உடைந்து கிடந்தால் கணினி திணறுவது கண்ணுக்கே தெரியும்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் 6ஆம் பதிப்புக் (1993) காலத்திலிருந்து டீஃப்ராக் கருவி இதைத்தான் சரிசெய்கிறது: சிதறியதைச் சேர்க்கிறது, சேர்த்ததை அடுக்குகிறது. அடுக்கும்போது காலியிடமும் ஒன்றுசேர்வதால், அடுத்து வரும் கோப்பு உடையாமல் அமர இடம் கிடைக்கிறது. ‘துண்டு’ என்று கோப்பை மட்டும் பார்க்கும் சொல்லில் இந்தப் பாதி வரவே வராது.

ஆகவே என் பரிந்துரை: சேர்த்தடுக்கல். வினை, ‘சேர்த்தடுக்கு’. ‘இந்த வட்டைச் சேர்த்தடுக்கவும்’, ‘சேர்த்தடுக்குகிறது, 40% முடிந்தது’ என்று திரையில் எழுதிப் பாருங்கள், எங்கும் தடுக்கவில்லை. அதற்கு முந்தைய நிலைக்குச் ‘சிதறல்’ போதும். இயற்பியலில் ஒளிச்சிதறல் இருக்கிறதே என்றால், வட்டைப் பற்றிய திரையில் யாரும் ஒளியை நினைக்கப்போவதில்லை.

> ‘வட்டு உகப்பாக்கம்’ என்றே வைத்துவிடலாமே?

விண்டோஸ் 8 (2012) வந்தபோது ஆங்கிலத்திலும் சாளரத் தலைப்பு ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று மாறியது உண்மை. ஒரே பொத்தான் இரண்டு வேறு வேலைகளைச் செய்யத் தொடங்கியதால் அவர்களுக்குப் பொதுச்சொல் தேவைப்பட்டது. பொத்தானுக்கு உகப்பாக்கம் இருக்கட்டும், மறுப்பில்லை. உள்ளே நடக்கும் இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும்.

முதல் வேலை, வன்தட்டுக்கான சேர்த்தடுக்கல். இரண்டாவது, ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டுக்கானது. எஸ்எஸ்டியில் நகரும் முனை கிடையாது. அதைச் சேர்த்தடுக்கினால் பயன் சொற்பம். ஃபிளாஷ் நினைவகத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால் வீண் தேய்மானம்தான். அங்கே வேண்டியது ட்ரிம். அழித்த கோப்பின் கட்டங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லும். வட்டு தனக்கு வசதியான நேரத்தில் அவற்றைத் துடைத்து, அடுத்து எழுதுவதற்குத் தயாராக வைக்கும். விண்டோஸ் 7 (2009) முதல் இது உண்டு. ட்ரிமுக்கு முன்பு ஒருவர் சொன்ன ‘கத்தரிப்பு’ வட்டின் கொள்ளளவையே குறைப்பதுபோல் படுகிறது. நடப்பது ஓர் அறிவிப்பு, எனவே ‘காலியறிவிப்பு’ எனலாம். ‘காலி’ பிறமொழிச் சொல் என்று சிலர் தயங்கக்கூடும். ஆனால் ‘வெற்றிடம்’ என்றால் காற்றில்லாத வெளி நினைவுக்கு வருகிறது. பேருந்தில் இருக்கை காலி, வீடு காலி என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்லையே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சிக்கல் மிச்சம். கருவிக்குச் ‘சேர்த்தடுக்கி’ என்று பெயர் வைத்தால், அதே வடிவம் வினையெச்சமாகவும் வரும்: ‘சேர்த்தடுக்கி முடித்தது’ என்பதில் முடித்தது கருவியா, முடிந்தது வேலையா? மொழிபெயர்ப்புக் கோப்பில் அதை மட்டும் ‘சேர்த்தடுக்கல் கருவி’ என்று வைத்துக்கொள்ளலாமா? சொல்லுங்கள்.