புது பேனல் ஆன்டெனா: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து:
டர்பனில் டவர் ஏறி ஆன்டெனா மாட்டுகிற வேலை எனக்கு. 2022 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசா 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலம் விட்டது. அதற்கப்புறம் நான் மாட்டியதில் பெரும்பகுதி 64 சேனல் பேனல்கள்தான், அதாவது சிக்னலைத் தனித்தனியாக அனுப்பி வாங்க 64 வழிகள் உள்ளவை.

பழைய ஆன்டெனா 120 டிகிரி பரப்புக்கும் ஒரே மாதிரி சிக்னலைக் கொட்டும், அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். புதியதற்குள் சின்ன ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக இருக்கும். இந்த அலைவரிசையில் அலைநீளமே எட்டரை சென்டிமீட்டர்தான், அதனால் நெருக்கி அடுக்க முடிகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் அலை புறப்படுவதை நூலிழை முன்பின்னாக மாற்றினால் போதும். உங்கள் போன் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றுகூடி வலுக்கும், மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். இப்படி ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பலாம். எத்தனை பேனல் மாட்டினாலும் எனக்கு இது இன்னும் வியப்புதான்.

ஆனால் புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் வீடியோ ஏன் போக மாட்டேன் என்கிறது என்று கேட்கிறார்கள். தோளோடு தோள் நிற்கும் இரண்டு போன்களைப் பிரித்தறிவது பேனலுக்குக் கஷ்டம். போதாததற்கு, போன் அனுப்பும் சக்தி ஒரு வாட்டுகூட இல்லை.

பீனிக்ஸிலிருந்து:
அண்ணா, எங்கள் வீடு சரிவுக்குக் கீழே, டவர் கண்ணில் படாது. ரூட்டரை டவர் பக்கத்துச் சுவரோரம் வைத்தால் ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னலில் வைத்ததும் வேகம் ஏறிவிட்டது. எப்படி?

சாட்ஸ்வர்த்திலிருந்து:
எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது தம்பி. ரூட்டர் அடிக்கடி ஒரு சோதனை சிக்னல் அனுப்பும். அது எந்தெந்த வழியாக வந்தது என்று பேனல் அளந்து, அதே வழிகளில் திருப்பி அனுப்பும். போகவும் வரவும் ஒரே அலைவரிசை என்பதால்தான் இது நடக்கிறது. ரூட்டரை அங்கேயே வைத்திருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
2021 ஜனவரியில், 5ஜிதான் கொரோனாவைப் பரப்புகிறது என்ற வதந்தியால் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டவர்களைக் கொளுத்தினார்களே, என் பெரியம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எதிரே பேனல் வைத்ததும் "நம்ம வீட்டைப் பாத்தே நிக்குதே" என்றார். கிருமி ரேடியோ அலையில் ஏறி வராது, பேனல் குவித்து அனுப்பும் சிக்னல் கற்றையும் ஒரே வீட்டின்மேல் நிற்காது, யார் போன் கேட்கிறதோ அந்தப் பக்கம் நொடியில் சிறு பங்கு நேரம் போய் மாறிவிடும் என்று சொன்னேன். பாதிதான் நம்பினார். அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே அவருக்குச் சொல்ல முடியுமா?