ஐடிஐ மாணவர்களின் அடிதடி: ஆய்வுக்கு உதவி வேண்டும்

வணக்கம். ஐடிஐ மாணவர்களிடையே அடிதடி ஏன் நடக்கிறது என்பதுதான் என் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ஆய்வு. 1992-இல் பஸ், பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட பஸ்-பெர்ரி வினாத்தாளை எடுத்திருக்கிறேன். 29 கேள்விகள், கைகலப்பு, வாய்ச்சண்டை, கோபம், பகைமை நான்கையும் அளக்கும். முன்னோட்டமாகக் கொடுத்தால், ஃபிட்டர் பிரிவுப் பையன்கள் பாதிப் பேர் எல்லாக் கேள்விக்கும், 1 முதல் 5 வரையில் நடுவில் இருக்கும் 3-ஐயே வட்டமிட்டுவிட்டார்கள். பிரின்சிபால் கைக்குப் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன! அதே பையன்கள் டீக்கடையில், “சீனியர் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா சார்?” என்கிறார்கள். அப்பா குடித்துவிட்டு அடிப்பதையும் பத்தாவதில் தன்னைக் கடைசி பெஞ்சில் ஒதுக்கியதையும் தாராளமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நேர்காணலுக்கே மாறிவிடலாமா? அப்புறம், பலருக்கு 18 வயது ஆகவில்லை. பெற்றோர் சம்மதம் எப்படி வாங்கினீர்கள்? மாதிரிப் படிவம் இருந்தால் அனுப்புங்கள்.